நெற்பவளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானியமாகச் சமைக்கவும் மாலை மணியாகக் கோக்கவும் உதவும் நெற்பவளத்தைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தில் இருந்து கிளம்புகின்றன. "மூன்று மணி நேரம் வேகவைத்தும் கல் மாதிரி இருக்கிறது", "விதை முளைக்கவே இல்லை", "மாலைக்கு வாங்கிய மணி நசுங்கிவிட்டது" என்று மூன்று பேர் கேட்டால், மூவருக்கும் முதலில் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் கையில் இருப்பது ஓடு கெட்டியான மணி வகையா, ஓடு மெல்லிய தானிய வகையா? கீழே உள்ள பதில்களில் பலவும் அந்த ஓட்டையே சுற்றி வரும்.

நெற்பவளம் என்பது எந்தச் செடி?

புல் வகை. மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவு. 1 முதல் 3 மீட்டர் வரை வளரும். தண்டு கணுக்கணுவாக, உள்ளே சோற்றுடன் இருக்கும். இலை 20 முதல் 50 செ.மீ. நீளம், 2 முதல் 4 செ.மீ. அகலம், நடுநரம்பு வெளிறி எடுப்பாகத் தெரியும். பூக்கும் வரை பார்த்தால் மக்காச்சோளக் கன்று என்றே நினைக்கத் தோன்றும். பூத்த பிறகு சந்தேகமே வராது. இலைக்கக்கங்களில் கொத்துக் கொத்தாக மணிகள் தொங்கும்.

தென் ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும் இதன் தாயகம். வாய்க்கால் ஓரம், ஓடைக்கரை, நீர் தேங்கும் பள்ளம் என்று ஈரம் உள்ள இடமாகப் பார்த்துத் தானாக முளைக்கும். தமிழில் நெற்பவளம், காட்டுக் குந்துமணி என்ற பெயர்கள் உண்டு. பழைய வடமொழி நூல்களில் வரும் கவேதுகா இதுதான் என்று கொள்வார்கள். தாவரவியல் பெயர் காய்க்ஸ் லாக்ரிமா-ஜோபி. 1753இல் லின்னேயஸ் வைத்தது. லாக்ரிமா என்றால் கண்ணீர், ஜோபி என்பது விவிலியத்தில் வரும் யோபு. மணியின் வடிவம் கண்ணீர்த்துளி போல இருப்பதால் வந்த பெயர்.

காட்டுக் குந்துமணி என்கிறீர்களே, குந்துமணியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இதில் மட்டும் குழப்பமே இருக்கக்கூடாது. குந்துமணி, அதாவது குன்றிமணி, ஒரு கொடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிவப்பில் கறுப்புக் கண் வைத்த விதை. அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மென்றோ அரைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நெற்பவளம் சாம்பல், வெள்ளை, பழுப்பு, கறுப்பு நிறங்களில் வரும். சிவப்பு-கறுப்பு இரட்டை நிறத்தில் ஒருநாளும் வராது. இன்னோர் எளிய அடையாளம்: நெற்பவள மணிக்கு மேலும் கீழும் இயற்கையாகவே துளை உண்டு. குன்றிமணியை ஊசியால் குத்தினால்தான் துளை. பெயரை மட்டும் சொல்லி விதை வாங்காதீர்கள், பார்த்து வாங்குங்கள்.

மணிக்குத் துளை எப்படி வந்தது? உள்ளே என்ன இருக்கிறது?

இந்தச் செடியில் உள்ள அதிசயமே அதுதான். நாம் மணி என்று சொல்வது விதையும் அல்ல, உமியும் அல்ல. அது ஓர் இலையுறை. பெண்பூவைச் சுற்றி வளர்ந்து, மணற்சத்தாகிய சிலிக்கா ஏறி, பீங்கான் போல இறுகிப்போன இலையுறை.

பூக்கும் பருவத்தில் ஒரு பச்சை மணியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேல்வாயில் இருந்து மெல்லிய காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் செதில் செதிலாக அடுக்கி இருப்பவை ஆண்பூக்கள். அதே வாயின் ஓரத்தில் இறகு போன்ற இரண்டு இழைகள் எட்டிப் பார்க்கும். அவை உள்ளே இருக்கும் பெண்பூவின் சூல்முடிகள். காற்றில் வரும் மகரந்தம் அவற்றில் ஒட்டினால் உள்ளே தானியம் பிடிக்கும். முற்றிய பிறகு ஆண்பூக் காம்பு காய்ந்து உதிரும், அது இருந்த இடம் மேல்துளை. செடியோடு மணி ஒட்டியிருந்த இடம் கீழ்த்துளை. நடுவில் பழைய காம்பின் நார் மட்டும் மிச்சம். அதை இழுத்துவிட்டால் நூல் கோக்கத் தயாரான மணி.

அந்த இலையுறைதான் ஓடு. அதை உடைத்தால் உள்ளே சவ்வு போன்ற செதில்கள், பிறகு பழுப்புத் தவிடு மூடிய ஓர் அரிசி. அகலமான ஆழ்ந்த பள்ளம் ஒரு பக்கம் ஓடும்.

எத்தனை வகை உண்டு? சாப்பிடும் வகையை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாவரவியலார் நான்கு வகையாகப் பிரிப்பார்கள். நடைமுறைக்கு இரண்டு போதும்.

முதலாவது காட்டு வகை. ஓடு வழவழப்பாக, மெருகு போட்டது போல் மின்னும். நகத்தால் அழுத்தினால் நகம்தான் மடங்கும். மேசையில் போட்டால் டிக் என்று கண்ணாடி போலச் சத்தம் வரும். மாலைக்கு இதுதான். உள்ளே இருக்கும் அரிசியைத் தின்னலாம், நஞ்சு இல்லை. ஆனால் உடைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இரண்டாவது, மா-யுவென் எனப்படும் பயிர் வகை. ஓடு மெல்லியது, மங்கல் பழுப்பு, நெடுக்குவாட்டில் கோடுகள் ஓடும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நொறுங்கும். உணவுக்கும் மருந்துக்கும் சந்தையில் வருவது பெரும்பாலும் இதன் அரிசிதான்.

மா-யுவென் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வியட்நாம் பக்கம் படை நடத்திய சீனத் தளபதி மா யுவான், அங்கே பார்த்த பருமனான நெற்பவளத்தை ஒரு வண்டி நிறைய விதைக்காகக் கொண்டுவந்தார். அவர் இறந்த பிறகு, வண்டியில் வந்தது முத்து என்று பேரரசரிடம் கோள் மூட்டினார்கள். உரித்து வெளுத்த அரிசியைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது.

கடையில் 'சீன பார்லி' என்று விற்பது இதுதானா?

பல நேரங்களில் ஆம். ஆனால் பார்லியோடு இதற்கு நெருங்கிய உறவு இல்லை. பார்லி அரிசி சிறியது, நடுவில் மெல்லிய கோடு மட்டும் இருக்கும். நெற்பவள அரிசி ஏறக்குறைய இரட்டிப்புப் பருமன். அகலமான பள்ளமும், பள்ளத்துக்குள் ஒட்டிய பழுப்புத் தவிடும் தெரியும். சுவையிலும் ஆளுக்கொரு வழி: பார்லி கொழகொழப்பு, நெற்பவளம் உருண்டையாக நின்று மெல்லக் கொடுக்கும்.

வேறுபாடு தெரிவது ஏன் முக்கியம் என்றால், பார்லியில் குளூட்டன் என்ற புரதம் உண்டு, நெற்பவளத்தில் கிடையாது. குளூட்டன் ஆகாதவர்கள் பெயர்ச்சீட்டை நம்பாமல் அரிசியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கோதுமை அரைத்த ஆலையிலேயே இதையும் அரைத்திருந்தால் கலப்பு வரும். அதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

எப்படிச் சமைப்பது?

உரித்த அரிசியைத்தான் சொல்கிறோம். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அலசுங்கள். மிதப்பவற்றையும், ஓட்டுத் துண்டுகளையும், கறுத்துப்போன அரிசியையும் எடுத்துவிடுங்கள். ஓட்டுத் துண்டு பல்லை உடைக்கும், சோம்பல் வேண்டாம். பிறகு 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

திறந்த பாத்திரத்தில் ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு தண்ணீர், கொதி வந்த பின் சிறுதீயில் 45 முதல் 60 நிமிடம். பிரஷர் குக்கரில் ஒன்றுக்கு மூன்று, ஆவி வந்த பின் சிறுதீயில் 20 நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். ஒரு கிண்ணம் அரிசி இரண்டரை முதல் மூன்று கிண்ணமாகப் பெருகும். ஊறவைக்காமல் போட்டால் வெளியே குழைந்து நடுவில் வெள்ளையாக வேகாத பொட்டு நிற்கும். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருந்தால் வெந்துவிட்டது.

புளிப்பான எதையும் வெந்த பிறகே சேருங்கள். புளிப்பில் தானியம் மெதுவாகத்தான் மெத்தெனும்.

அரிசியோடு கலந்து வேகவைக்க வேண்டுமானால் முக்கால் பங்கு அரிசி, கால் பங்கு நெற்பவளம். நெற்பவளத்தை மட்டும் ஊறவைத்து, 25 நிமிடம் முன்கூட்டியே வேகவைத்து, பிறகு அரிசியைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக இறங்கும்.

வெந்த பிறகு ஒருவித எண்ணெய் வாடை அடிக்கிறது. ஏன்?

பழைய சரக்கு. நெற்பவளத்தில் கொழுப்பு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம். தீட்டிய நெல்லரிசியில் ஒரு சதவீதம்கூட இராது. ஓடு நீங்கிய உடனே அந்தக் கொழுப்புக்குக் காற்று படுகிறது, சில மாதத்தில் காறல் வாடை ஏறுகிறது. கழுவினாலும் வறுத்தாலும் போகாது. நல்ல அரிசியில் லேசான புல் வாசமும் பருப்பு வாசமும் மட்டும் இருக்கும். வாங்கும்போதே நான்கைந்து அரிசியை வாயில் போட்டு மென்று பாருங்கள். தொண்டையில் காறினால் வேண்டாம்.

வீட்டில் ஓடு நீக்க முடியுமா?

மா-யுவென் வகை என்றால் முடியும். நன்றாக வெயிலில் காய வேண்டும். ஈரம் இருந்தால் ஓடு நொறுங்காமல் நசுங்கி அரிசியோடு ஒட்டிக்கொள்ளும். உரலில் கொஞ்சமாகப் போட்டு உலக்கையை ஓங்கிக் குத்தாமல் எழுப்பி எழுப்பிப் போடுங்கள். முறத்தில் புடைத்து, உடையாததை மறுபடி உரலில் போட்டு, மூன்று நான்கு சுற்று. ஒரு கிலோ மணிக்கு அரைக் கிலோவை ஒட்டி அரிசி கிடைக்கும். ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று வேகமாகக் குத்தினால் குருணைதான் மிஞ்சும்.

மிக்ஸியில் போடாதீர்கள். அரிசியும் ஓடும் சேர்ந்தே தூளாகும். சிலிக்கா ஏறிய அந்தத் தூளைப் பிரிக்கவே முடியாது. காட்டு வகை மணிகளை உரலில் போடுவதும் வீண் வேலை. தெறித்துக் கண்ணில் படும்.

சத்து எப்படி?

புரதத்தில் நெற்பவளம் அரிசியைத் தாண்டி நிற்கிறது: ஏறக்குறைய 12 முதல் 15 சதவீதம். ஆனால் மக்காச்சோளத்தின் உறவுக்கே உரிய குறை இதிலும் உண்டு. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் லியூசின் கூடுதல், லைசின் குறைவு. பயறு, பருப்பு எதனுடனாவது சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் குறை ஈடாகும். தவிடு நீக்காத பழுப்பு அரிசியில் நார்ச்சத்தும் கொழுப்பும் அதிகம். வேக நேரமும் அதிகம்.

மாவாக்கினால் குளூட்டன் இல்லாததால் இழுவை வராது. ரொட்டிக்கு மற்ற மாவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் உதிரும்.

வறுத்துத் தேநீர் போலக் குடிக்கிறார்களே, அது எப்படி?

கொரியாவில் யுல்மு, ஜப்பானில் ஹாத்தொமுகி என்று வழங்குவது இந்தத் தானியம்தான். கழுவி, முற்றிலும் உலர்த்திய அரிசியை அடிகனமான வாணலியில் சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் கிளறுங்கள். பொன்னிறம் வந்து, மணம் கிளம்பி, ஒன்றிரண்டு வெடிக்கும்போது இறக்க வேண்டும். காபிக்கொட்டை நிறம் வரை விட்டால் கசப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். கொரியாவில் வறுத்து அரைத்த மாவைக் கரைத்துக் கெட்டியாகக் குடிப்பதும் உண்டு.

இதிலிருந்து மது காய்ச்சுவார்களாமே?

ஆம். வடகிழக்கு இந்தியாவில் நாகா மக்களிடம் இந்தத் தானிய மது பழைய வழக்கம். சீனாவின் மிஜியாயா அகழிடத்தில் கிடைத்த சுமார் 5,000 ஆண்டுப் பழைய மது காய்ச்சும் கலங்களில், சிறுதானியம், பார்லி, கிழங்கு மாவுகளோடு நெற்பவள மாவின் தடயமும் இருந்தது. இந்த ஆய்வு 2016இல் வெளியானது.

பயிரிட என்ன செய்ய வேண்டும்?

விதை: போன பருவத்து விதையாக எடுங்கள். தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைத் தள்ளுங்கள். அவை உள்ளே அரிசி பிடிக்காத வெற்று மணிகள். மூழ்கியவற்றை 24 மணி நேரம் ஊறவையுங்கள். காட்டு வகையானால் இன்னும் ஒரு நாள், இடையில் நீரை மாற்றி. ஊறவைக்காமல் நட்டுவிட்டு "முளைக்கவே இல்லை" என்பவர்கள்தான் அதிகம்; ஓட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக நேரம் வேண்டும். மணியை உடைத்து விதைக்க வேண்டியதில்லை, கரு அடிபடும்.

நடவு: 3 முதல் 5 செ.மீ. ஆழம், குழிக்கு இரண்டு விதை. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. மண் சூடாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். குளிர்ந்த மண்ணில் மூன்று வாரம் இழுக்கும், பாதி அழுகும். முழங்கால் உயரம் வந்ததும் ஒரு களையெடுப்பு, மேலுரம், மண் அணைப்பு. மண் அணைத்தால் கீழ்க்கணுவில் வேர் இறங்கிச் செடி காற்றுக்குச் சாயாது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், தண்டு மெலிந்து சாயும், மணி குறையும்.

எப்போது விதைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இது பகல் குறுகும்போது பூக்கும் செடி. மழைத் தொடக்கத்தில் விதைத்தால் நீண்ட பகல்களில் நன்றாகத் தூர் கட்டி, பகல் குறுகும்போது பூக்கும். ஐந்தாறு மாதத்தில் அறுவடை. காலம் தாழ்த்தி விதைத்தால் இடுப்பு உயரம்கூட வராமல், இரண்டே தூரோடு பூத்துவிடும். அது உரக் குறை அல்ல. உரம் போட்டும் சரியாகாது.

பூத்தது, மணியும் வந்தது. ஆனால் பாதி மணி வெறுமையாக இருக்கிறதே?

இரண்டு காரணம். ஒன்று தண்ணீர். பூக்கும் காலத்திலும் பால் பிடிக்கும் காலத்திலும் நிலம் காயவே கூடாது. இளம்பருவத்தில் கொஞ்சம் காய்ந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும், அந்தச் சில வாரங்களில் தாங்காது.

இன்னொன்று மகரந்தம். ஒரே கொத்தில் பெண்பூவின் சூல்முடி முதலில் நீளும், ஆண்பூ பிறகுதான் வெடிக்கும். ஆகவே மகரந்தம் பக்கத்துக் கொத்தில் இருந்தோ பக்கத்துச் செடியில் இருந்தோ வர வேண்டும். ஒற்றைச் செடி, காற்றில்லாத மூலை என்றால் வெற்று மணிதான். நான்கைந்து செடியாவது நெருக்கமாக, நீள்வரிசையாக அல்லாமல் கட்டமாக நடுங்கள். சீன விவசாயிகள் பூப்பருவத்தில் முற்பகல் வேளையில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வரிசையின் குறுக்கே கயிறு பிடித்து இழுத்துச் செடிகளை உலுக்குவார்கள். தோட்டத்தில் கையால் தட்டிவிட்டாலே போதும்.

மாலைக்கு வளர்ப்பவர்கள் இதற்குக் கவலைப்பட வேண்டாம். வெற்று மணியும் கோக்க உதவும். சொல்லப்போனால் வண்டு வராது.

மெல்லிய ஓட்டு விதையைத்தான் நட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கெட்டி ஓட்டு மணி வருகிறது. எப்படி?

பக்கத்தில் எங்கோ காட்டு வகை பூத்திருக்கிறது. இரண்டும் ஒரே இனம், காற்றில் கலக்கும். கெட்டி ஓட்டுத் தன்மை ஓங்கிய பண்பு. கலப்பில் பிறந்த செடியில் அதுதான் வெளிப்படும். உங்கள் அறுவடையை அந்த வருடம் அது பாதிக்காது, ஏனெனில் ஓடு தாய்ச்செடியின் இலையுறை. அந்த விதையை நட்டு வரும் அடுத்த தலைமுறையில்தான் கெட்டி மணி காய்க்கும். அதனால்தான் "திடீரென்று மாறிவிட்டது" என்று தோன்றுகிறது. விதைக்கு வைக்கும் செடிகளுக்கு அருகே வாய்க்கால் ஓரத்துக் காட்டுச் செடிகளைப் பூக்கும் முன் அறுத்துவிடுங்கள். விதை எடுக்கும்போது ஒவ்வொரு செடியிலும் ஒரு மணியை நசுக்கிப் பார்த்து, நொறுங்காத செடியை முழுவதுமாக ஒதுக்குங்கள்.

பூச்சி, நோய்?

கரிப்பூட்டைதான் முதல் எதிரி. மணி பருத்து, உள்ளே அரிசிக்குப் பதில் கரும்பொடி நிறையும். மணி வெடித்துப் பொடி பறக்கும் முன் அந்தக் கொத்தைப் பைக்குள் போட்டு அறுத்து எரித்துவிடுங்கள். அந்த வயலின் விதையை அடுத்த பருவத்துக்கு வைக்காதீர்கள், அதே நிலத்தில் தொடர்ந்து போடாதீர்கள். தண்டுத் துளைப்பான் தாக்கினால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். அந்தத் தூரைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள். மழை மூட்டத்தில் இலைக்கருகல் வரும். நெருக்கி நட்ட வயலில் அதிகம்.

எப்போது அறுப்பது? எப்படிச் சேமிப்பது?

எல்லா மணியும் முற்றும் வரை காத்திருந்தால் முதலில் முற்றியவை உதிர்ந்துபோகும். முக்கால்வாசி மணி நிறம் திரும்பியதும் அறுத்து, கட்டுகளாக நான்கைந்து நாள் நிறுத்திவைத்தால் மீதியும் முற்றும். பிறகு அடித்துத் தூற்றிக் காயவையுங்கள். ஈரப்பதம் 12 முதல் 13 சதவீதத்துக்குள் வர வேண்டும். கருவி இல்லையென்றால் அரிசியைக் கடித்துப் பாருங்கள்: பட்டென்று உடைந்தால் காய்ந்தது, பல்லில் பதிந்தால் காயவில்லை.

ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் வரும். நெற்பவளத்தில் அஃப்ளடாக்சின் உள்ளிட்ட பூஞ்சை நஞ்சுகள் பலமுறை கண்டறியப்பட்டுள்ளன. அவை வேகவைத்தால் அழியாது. பூஞ்சணம் கண்ட அரிசியைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஓட்டோடு வைத்தால் ஒரு வருடம் தாங்கும். உரித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

மாலை கோக்க மணியை எப்படித் தயார் செய்வது?

பறிக்கும் பருவம்தான் எல்லாம். பச்சையாகப் பறித்த மணி காய்ந்ததும் சுருங்கி மங்கிவிடும், பிறகு மெருகு வராது. நிறம் சாம்பலாகவோ கறுப்பாகவோ திரும்பி, காம்பைத் தொட்டால் கழன்று விழும் மணியே சரி. நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வெந்நீரில் அரைமணி நேரம் போட்டு, நடுநாரை ஊசியால் கீழ்ப்பக்கம் இருந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் நார் மடங்கித் துளையை அடைக்கும். துணியில் தேய்த்தால் போதும், வார்னிஷ் வேண்டியதில்லை. பல ஆண்டு கழுத்தில் கிடந்தால் தானாகப் பளபளப்பு ஏறும்.

கோப்பதற்கு முன் மணிகளை ஃப்ரீசரில் மூன்று நாள் வையுங்கள். உள்ளே அரிசி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது: வண்டு துளைத்து வெளியே வந்த மாலைகள் ஏராளம். அந்த மாலையை ஈரத்திலேயே போட்டு வைத்தால் மணி முளைக்கவும் செய்யும். வைஜயந்தி மாலை என்று விற்கப்படுபவை பலவும் இந்த மணிகளே. மியான்மரிலும் தாய்லாந்திலும் கரேன் பெண்கள் நீள்வடிவ மணிகளை மேலாடையில் வரிசை வரிசையாகத் தைப்பார்கள்; அது உருளை வடிவ மணி தரும் தனி வகை.

சிறு குழந்தைகள் கையில் தனி மணியாகக் கொடுக்காதீர்கள். மூக்கிலும் தொண்டையிலும் போய்ச் சிக்கும் அளவு அது.

மருத்துவத்தில் எதற்குப் பயன்படுத்தினார்கள்?

சீன மருத்துவத்தில் யீயீரென் என்ற பெயரில் உடல் வீக்கம், சிறுநீர்க் குறைவு, வயிற்றுப்போக்கு, மூட்டுப் பிடிப்பு ஆகியவற்றுக்குக் கொடுப்பார்கள். சிறுநீருக்குப் பச்சை அரிசி, வயிற்றுப்போக்குக்கு வறுத்த அரிசி என்று அங்கே கறாரான பிரிவு உண்டு. ஒரு நாளைக்கு 9 முதல் 30 கிராம் கஷாயமாக என்பது சீன மருந்துநூல் அளவு. ஜப்பானில் யொகுயினின் என்ற பெயரில் மருவுக்கு உள்மருந்தாக இருக்கிறது. ஆயுர்வேதத்தில் பாவபிரகாசம் என்ற நூல் கவேதுகாவை உடலை இளைக்க வைப்பது, கபம் போக்குவது என்கிறது. வேரைப் புழு நீக்கவும் மாதவிடாய் தூண்டவும் நாட்டு மருத்துவத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றில் எத்தனை இன்றைய சோதனைக்கு நின்றன என்று கேட்டால், கொஞ்சமே. விலங்குச் சோதனைகள் நிறைய, மனிதர்களில் நடந்த நல்ல ஆய்வுகள் குறைவு. உணவாகச் சாப்பிடுவதற்குத் தயங்க வேண்டாம். நோய்க்கு மருந்தாக நம்பி, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்த வேண்டாம்.

புற்றுநோய்க்கு மருந்து என்கிறார்களே?

சீனாவில் கங்லைட் என்ற ஊசி மருந்து 1990களில் இருந்து வழக்கில் உள்ளது. நெற்பவள எண்ணெயைப் பிரித்துச் சுத்திகரித்து, நரம்பு வழியே ஏற்றும் வகையில் செய்தது. மற்றச் சிகிச்சையோடு துணையாகக் கொடுப்பது. அரிசியை வேகவைத்துக் குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஊசியின் பெயரைச் சொல்லிப் பொடியை விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள். மரபு மருத்துவமே விலக்குகிறது. கருவுற்ற எலிகளில் கருச்சிதைவும் கருப்பைச் சுருக்கமும் ஆய்விலும் பதிவாகியுள்ளன. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தினமும் குடிக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சர்க்கரை அளவு கூடுதலாக இறங்கலாம். சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குச் சீன வைத்தியர்கள் கொடுப்பதில்லை.

தொட்டியில் வளருமா?

வளரும். 30 செ.மீ. அகலத் தொட்டிக்கு இரண்டு செடி, அடியில் தண்ணீர்த் தட்டு, நாள் முழுக்க வெயில். தொட்டியை ஒன்றாக வைக்காதீர்கள், மூன்றாக வையுங்கள். காரணம் மேலே சொன்ன மகரந்தம். செடி தலைக்கனம் பிடித்தது, குச்சி கட்டுங்கள். நல்ல மண்ணில் ஒரு தூர் நூற்றுக்கும் மேல் மணி தரும்.

அறுத்த தட்டையை மாட்டுக்குப் போடலாமா?

இளம் இலையும் தண்டும் மாடு, எருமை, யானை எல்லாம் விரும்பித் தின்னும். முற்றிய தட்டை முரடு, நறுக்கிப் போட வேண்டும். கரிப்பூட்டை கண்டதையும் பூஞ்சணம் பிடித்ததையும் போடக்கூடாது. குளிர் கடுமையாக இல்லாத இடத்தில் அடித்தாளை விட்டு அறுத்தால் கணுவில் இருந்து மறுதாம்பு துளிர்க்கும். அதைத் தீவனத்துக்கே விட்டுவிடுவது லாபம், மணி முதல் அறுப்பு அளவுக்கு வராது.